முத்திரையும் மெருகும்

வாழைச்சேனையில் எங்கள் பட்டறைக்குத் திருத்த வேலைக்கு வந்த துவக்குகளுள் மிகச் சிலவே வேட்டைப் பிரியர்களுடையவை. கிரான், வாகனேரி, புணானை முதலான இடங்களின் வயல் வட்டைகளிலே நெற்கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றியும் யானையும் இறங்கிவிடாதபடி இரவு முழுவதும் பரணில் விழித்திருந்த காவற்காரருக்கென்று, வயற்சொந்தக்காரரான போடியார்மார் மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியிலே அனுமதிப்பத்திரம் பெற்று வைத்திருந்த ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துவக்குகளே பெரும்பாலும் வந்தன. அவை தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனாரிடமிருந்து மருமகனுக்கும் கைமாறி வந்தவையாதலால், வாங்கிய ஆண்டு யாருக்கும் நினைவில் இராது. பாட்டன் காலத்துச் சாமான் என்ற ஒரே விடையோடு உரியவர் நின்றுவிடுவார். அந்த விடை எங்களுக்குப் போதாது. ஒரு துவக்கின் வயதை அறியாமல் அதற்குள் எந்தத் தோட்டாவை இடலாம் என்று சொல்ல இயலாது. பிழையாகச் சொல்லிவிட்டாலோ குழல் பிளந்து, சுடுபவரின் கையோ கண்ணோ போய்விடும்.

இதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை துவக்குகளிலே பயன்பட்டது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து அரைத்த கறுப்பு மருந்து. அதற்குப் பின் வந்த புகையற்ற நைட்ரோ மருந்து, அளவிலே சிறிதாயினும், குழலுக்குள் எழுப்பும் அழுத்தத்தின் இயல்பு வேறு. பழைய குழல்களோ, இரும்பு நாடாவையும் உருக்கு நாடாவையும் சேர்த்து முறுக்கி, ஒரு கோலின்மேற் சுற்றி, உலையிலே காய்ச்சி அடித்து ஒட்டவைத்துச் செய்யப்பட்டவை. டமாஸ்கஸ் குழல் என்று பெயர் பெற்ற அவற்றின் மேற்பரப்பிலே நெளிந்தோடும் கோலத்தைக் கண்டால் எந்தக் கம்மியனுக்கும் கை கூசும். அத்தனை நுண்மையான வேலை. ஆயினும், ஒட்டுக்களின் இடுக்கிலே துரு இறங்கிவிட்ட அத்தகைய குழல், கடையிலே புதிதாக வாங்கிய எஸ்.ஜி. தோட்டாவைத் தாங்குமென்று எவரும் உறுதி கூற முடியாது. ஆகவே வயதறிதல் எங்களுக்கு ஓய்வுநேர விநோதமாக அமையவில்லை. வருகின்ற ஒவ்வொரு துவக்கிலும் முதலிலே செய்ய வேண்டிய காரியமாக அது இருந்தது.

வயதறிவதற்கு எங்களுக்கு உதவியவை, குழலின் அடிப்புறத்திலே மறைவாக இருக்கும் சிறு முத்திரைகள். துவக்கை மடித்து, முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்துத் திருப்பினால், தட்டையான பகுதியிலே எறும்பு ஊர்ந்த தடம்போலச் சில கிரீடங்களும் எழுத்துகளும் எண்களும் தெரியும். இங்கிலாந்திலே விற்பனைக்குச் செல்லும் ஒவ்வொரு குழலையும், அதன் வழக்கமான சுமைக்கு மேற்பட்ட மருந்தை இட்டு வெடிக்கச் செய்து, தாங்கிய குழலுக்கு மாத்திரம் முத்திரை இடவேண்டும் என்பது சட்டம். இலண்டன் துவக்குக் கம்மியர் சங்கம் 1637இலே அரச சாசனம் பெற்றது; பர்மிங்ஹாம் நகரத்துச் சோதனைச்சாலை 1813இலே நாடாளுமன்றச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. எங்கள் பகுதிக்கு வந்தவற்றுட் பெரும்பாலானவை பர்மிங்ஹாம் வேலை. கிரீடத்தோடு குறுக்கிட்ட செங்கோல்களை மட்டும் கொண்டது 1904க்கு முற்பட்டது. கிரீடத்தின் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகள் தனித்தனியே காணப்பட்டால் அது 1904ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின்னர்ச் சோதிக்கப்பட்டது, அவற்றுள் என்.பி. என்பதே நைட்ரோ மருந்துக்குத் தாங்கும் என்ற அடையாளமாதலால், எங்கள் கண் முதலில் தேடியது அதனைத்தான். ‘நாட் ஃபோர் போல்’ என்று பொறித்திருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது. வாய்ப்புறம் சற்றே குறுகிய குழலாதலால் பெருங்குண்டு இடலாகாது என்பது அதன் பொருள். துளையின் விட்டத்தை .729 என்று அங்குலத்தின் பின்னமாகவும், அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு மூன்று டன் என்றும் எழுதியிருந்தால் 1954ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிற்பட்டது. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்பது, ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று செல்லும் துளையையுடையது என்பதும், அந்த உருண்டையின் விட்டமே .729 அங்குலம் என்பதும், இந்த முத்திரைகளைப் படிக்கப் பழகிய பின்னர்தான் எனக்கு விளங்கின.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துத் துவக்குகளும் வந்தன. அவற்றிலே முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருக்கும். அந்தக் கோட்டின்மேல் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிற்பட்டது, இல்லாவிட்டால் அதற்கு முற்பட்டது. 1922 முதற்கொண்டு லியேஜ் சோதனைச்சாலை ஆண்டுக்கு ஓர் எழுத்தாகவும் இட்டு வந்தது. ஸ்பெயினின் எய்பார் நகரத்துத் துவக்குகளிலும் 1927 தொடங்கி இவ்வாறே ஆண்டெழுத்து உண்டு. உள்ளூர்க் கம்மியர் செய்த இடியன் துவக்குகளிலே முத்திரை ஏதும் இராது; அவற்றைப் பற்றி எங்கள் பட்டறை எந்த உத்தரவாதமும் கொடுத்ததில்லை.

மேலே குறிப்பிட்ட புணானை என்றதும் அந்தப் பகுதியின் பழைய சிறுத்தையை நினையாமல் இருக்க முடியவில்லை. மட்டக்களப்புக்கு ரயில் பாதை அமைத்துக்கொண்டிருந்த காலத்திலே தொழிலாளர்களையும் வழிப்போக்கர்களையும் கொன்று திரிந்த அந்த விலங்கை ஷெல்டன் ஆகர் என்ற ஆங்கிலேயர் 1924இலே சுட்டுக் கொன்றார். பாடஞ்செய்யப்பட்ட அதன் உடல் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது. ரயில் 1928இலே மட்டக்களப்பை அடைந்தது. எங்கள் பட்டறைக்கு வந்த பர்மிங்ஹாம் துவக்குகளுள் அதிகமானவை இந்தக் காலத்தைச் சுற்றியவை என்று முத்திரைகள் காட்டின. பாதை வந்ததும் காடு வெட்டப்பட்டு வயல் விரிந்ததும் துவக்கு பெருகியதும் ஒரே காலத்துக் காரியங்கள் என்பது என் அனுமானம்.

ஆனால் முத்திரை முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை. அது சோதனையின் ஆண்டைச் சொல்லுமேயன்றிச் செய்த ஆண்டைச் சொல்லாது. 1890ஆம் ஆண்டுக் குழலொன்றைப் பின்னொரு காலத்தில் நைட்ரோ மருந்துக்கென்று மறுசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு துவக்கின் குழலை மற்றொன்றின் பூட்டிலே யாரோ பொருத்தியிருக்கலாம். முத்திரைக்குப் பின்னர் உட்புறத்தைக் கடைந்து சுவரை மெலிவித்திருக்கலாம். என் தந்தையார் குழலைக் கையில் எடுத்ததும் எழுத்துகளைப் பார்க்க மாட்டார். “மனே, முத்திரை என்ன சொல்லுதெண்டு பிறகு பாப்பம். முதல்ல இரும்பு என்ன சொல்லுதெண்டு பாரு” என்பார். ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒருவர், “தம்பி, இதுல புதுத் தோட்டா போடலாமா?” என்று கேட்டபோது, “காக்கா, என்.பி. எண்டு போட்டிருக்குதான், ஆனா குழல் ஒரு காலத்துச் சாமான், பூட்டு வேறொரு காலத்துச் சாமான். இத நான் பொறுப்பெடுக்க மாட்டன்” என்று தந்தையார் திருப்பிக் கொடுத்ததைப் பக்கத்திலிருந்து கண்டேன். குழலின் கறுப்பும் பூட்டின் கறுப்பும் வெவ்வேறு முறையிலே ஏற்றப்பட்டவை என்பதை வெயிலிலே ஒரு முறை சாய்த்துப் பார்த்த மாத்திரத்தில் அவர் கண்டுவிட்டார்.

மெருகு எனப்படும் இந்தக் காரியத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல மிகுதியாக இருக்கின்றது. குழலுக்குக் கறுப்பேற்றும் பழைய முறை, துருவையே துருவுக்குக் காவலாக வைப்பது. முதலிலே குழலை மணற்றாளால் நீளவாக்கில் உரைத்து, அரத்தின் தடம் ஒன்றும் தெரியாதபடி வழவழப்பாக்க வேண்டும். பின்பு சாம்பலும் சுண்ணாம்பும் இட்டு எண்ணெய்ப் பசை முற்றும் நீங்கக் கழுவி, விரலாலே தொடாமல், இரும்பு கரைந்த அமிலத்தைத் துணியில் நனைத்து மெல்லப் பூசி, ஈரமான பெட்டிக்குள்ளே தொங்கவிட வேண்டும். மறுநாட் காலையில் மெல்லிய செந்துரு படர்ந்திருக்கும். அதனைக் கொதிநீரிலே இட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். கொதிக்க வைப்பதற்கு எங்கள் கிணற்று நீர் உதவாது; வாவிக்கரையிலே எடுத்த நீரின் உப்பு குழலிலே திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். ஆதலால் மாரிகாலத்து மழைநீரைப் பெரிய சாடிகளிலே சேமித்து வைப்போம். கொதித்த குழலை மென்கம்பித் தூரிகையாலே தேய்த்தால் தூள் உதிர்ந்து, அடியிலே சாம்பல் நிறமான ஒரு படலம் நிற்கும். இதனையே மீண்டும் மீண்டும் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு சாயை கூட்டி, கடைசியிலே இருண்ட நீலம் கலந்த கறுப்பு வந்து நிற்பதற்கு ஒரு வாரத்துக்கும் மேலாகும். அவசரப்பட்டால் நிறம் பிடிக்காது. எண்ணெய் பூசி வெயிலிலே திருப்பிப் பார்க்கும்போது அந்தக் கறுப்பு இரும்பின்மேல் கிடப்பதாகத் தோன்றாது. இரும்புக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும்.

பிற்காலத்து முறை வேறு. காரச் சோடாவையும் நைத்திரேற்று உப்பையும் நீரிலே கரைத்து, ஏறக்குறைய 140 பாகை வெப்பத்திலே கொதிக்கும் தொட்டிக்குள் பாகங்களை மொத்தமாக இறக்கினால், அரை மணிக்குள் எல்லாமே கறுத்துவிடும். அந்தக் கறுப்பிலே பளபளப்பு மிகுதி. ஆனால் ஆழம் குறைவு. சில உருக்குகளிலே காலப்போக்கில் நாவற்பழச் சாயையும் ஏறும். இந்த இரண்டையும் பிரித்தறியக் கண் பழகிவிட்டால், ஒரு துவக்கு எந்தத் தலைமுறைத் தொழிற்சாலையிலே பிறந்தது என்பதை எழுத்துப் பாராமலே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். எங்கள் ஊரின் உப்புக்காற்று வெளிப்புறத்து நிறத்தை அரித்துவிடுமாதலால், நாங்கள் முன்கட்டைக்குள்ளும் சோங்குக்குள்ளும் மறைந்திருந்த இடங்களையே நம்பினோம். வெயிலும் வியர்வையும் படாத அந்த மூலைகளிலே முதல் மெருகு அப்படியே இருக்கும்.

எண்பதுகளிலே யுத்தம் மூண்டபோது வயற்காவல் துவக்குகள் ஊரிலே தங்கவில்லை. சில பொலிஸ் நிலையத்துக்குச் சென்றன. சில வேறு கைகளுக்குச் சென்றன. பட்டறையிலே வேலை அற்றுப்போயிற்று. அக்காலத்து இளைஞர் பலரைப்போல நானும் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குச் சென்று அடைக்கலம் கேட்டேன். பல ஆண்டுகள் வேறு தொழில்கள் செய்த பின்னர், நெக்கார் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, மௌசர் தொழிற்சாலையால் பெயர்பெற்ற ஓபர்ண்டோர்ப் நகரத்துக்குச் சமீபமான ஓர் ஊரிலே, முதிய துவக்குக் கம்மியர் ஒருவரின் பட்டறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அந்நாட்டுச் சட்டப்படி ஒருவர் இறந்தால் அவரது வாரிசுகள் வீட்டிலுள்ள துவக்குகளை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். தாத்தாவின் மேசை அறையிலே துணி சுற்றிக் கிடந்த யுத்தகாலத்துக் கைத்துப்பாக்கிகள் இவ்வாறு எங்களிடம் வந்தன. அவை எவை, எந்த ஆண்டினவை, பின்னர்த் தொடப்பட்டவையா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. கம்மியர் என்னைப் பரீட்சித்தது ஒரே ஒரு முறைதான்; ஒரு கைத்துப்பாக்கியை முன்னே வைத்துவிட்டு மௌனமாக இருந்தார். நான் எழுத்துகளைப் படியாமல், முதலிலே பிடியின் பக்கத்துத் தகடுகளைக் கழற்றி அவற்றுக்கு அடியிலே மறைந்திருந்த நிறத்தைப் பார்த்தேன். “இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டார். என் தந்தையார் என்றேன்.

முதலிலே பழகியது லூகர் எனப்படும் 08ஆம் இலக்கக் கைத்துப்பாக்கி. 1908இலே ஜெர்மன் இராணுவம் ஏற்றது. முதல் உலக யுத்தத்துக் காலத்தவற்றிலே குழலடியின் மேற்புறத்தில் ஆண்டு முழு எண்ணாகவே பொறிக்கப்பட்டிருக்கும். 1917 என்றும் 1920 என்றும் இரண்டு ஆண்டுகள் ஒன்றாகக் காணப்பட்டால், யுத்தத்திலே செய்த ஆயுதத்தை, தோல்விக்குப் பின்னர் அனுமதிக்கப்பட்ட சிறு இராணுவம் தன்னுடையதாகப் பதிந்துகொண்டது என்று பொருள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து வெர்சேல்ஸ் உடன்படிக்கையை மீறி இரகசியமாக ஆயுதம் பெருக்கத் தொடங்கிய ஆண்டுகளிலே ஆண்டெண் மறைந்து எழுத்தாயிற்று: கே என்றால் 1934, ஜி என்றால் 1935. செய்த தொழிற்சாலையின் பெயரும் மறைந்து, மௌசருக்கு எஸ்/42 என்ற குறி வந்தது. மறைக்க வேண்டிய அவசியம் தீர்ந்ததும் 1936 முதல் ஆண்டு மறுபடி வெளிப்படையாக வந்தது. இந்த வரிசையிலே 1937 மிகவும் விசேஷமான ஆண்டு. அதன் முற்பகுதியிலே செய்தவற்றிலே, நான் மேலே விவரித்த பழைய துருக்கறுப்பும், விசை முதலான சிறு பாகங்களிலே வெப்பத்தால் வருவித்த வைக்கோல் மஞ்சளும் உண்டு; பிற்பகுதியிலே உப்புத் தொட்டி வந்துவிட்டது, மஞ்சள் போய்விட்டது. ஒரு தொழிற்சாலை தனது பழைய பொறுமையைக் கைவிட்ட பருவத்தை உலோகத்தின்மேலேயே கண்ணாற் காண்பது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. எழுத்து ஜி என்றும் நிறம் உப்புத் தொட்டி என்றும் சொல்லுமானால், அது பின்னர் மெருகிடப்பட்டது என்பதிலே சந்தேகமில்லை.

லூகருக்குப் பதிலாக 1938இலே ஏற்கப்பட்ட பி38 கைத்துப்பாக்கியிலேதான் யுத்தத்தின் ஓட்டம் முழுவதையும் மெருகிலே படிக்கலாம். துரிங்கிய மலைப்பகுதியிலுள்ள ஸெல்லா மேலிஸ் என்ற ஊரிலே வால்தர் நிறுவனம் அதனைச் செய்தது. முதலில் நிறுவனத்தின் கொடி முத்திரை. 1940இலே 480 என்ற எண் குறி. அதே ஆண்டிலே ஏ.சி. என்ற எழுத்துக் குறி. அதன் கீழ் அல்லது பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் வரும்: 41, 42, 43 என்று. இராணுவப் பரிசோதகர் ஏற்றதற்கு அடையாளமாகக் கழுகுருவின் கீழ் 359 என்ற எண். ஆண்டு எழுதியிருக்கிறதே, மெருகைப் பார்ப்பானேன் என்று கேட்கலாம். 41ஐயும் 44ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். 41 கண்ணாடிபோல வழவழப்பானது. அரமும் கடைசலும் பட்ட சுவடே இல்லை. 43இலே சுவடு தொடங்குகின்றது. 44இலே மேற்பகுதியின் பக்கங்களிலே வெட்டுக்கருவி சென்ற வட்டக் கோடுகள் வெளிப்படையாக நிற்கின்றன. பாகத்துக்குப் பாகம் நிறம் மாறுகின்றது. கடைசி மாதங்களிலே நீலக் கறுப்பை விட்டுச் சாம்பல் நிறப் பாஸ்பேற்றுப் படலம் பூசியவையும் வருகின்றன. சுடும் தொழில் நடக்கும் உட்பாகங்களிலே மாத்திரம் வேலை இன்னும் கவனமாகவே இருக்கின்றது. எதை விட்டுவிடலாம், எதை விடலாகாது என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

மௌசர் தொழிற்சாலையும் 1942இன் பிற்பகுதி முதல் பி.வை.எஃப். என்ற குறியோடு அதே கைத்துப்பாக்கியைச் செய்தது. ஆனால் என் மனத்தை மிகவும் ஈர்த்தவை, சூடேட்டன் பகுதியின் குரொட்டாவு என்ற ஊரிலே ஸ்ப்ரேவெர்க் நிறுவனம் செய்தவை. அவற்றிலே சி.வை.கியூ. என்ற குறி மட்டும் உண்டு, ஆண்டு கிடையாது. தொடரிலக்கமும் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்காமல் ஒரே ஓட்டமாகச் சென்றது. ஆகவே அவற்றின் வயதை இலக்கத்தின் எழுத்து வரிசையும் மெருகும் சேர்ந்தே சொல்ல வேண்டும். பிற்காலத்தவற்றிலே நடு எழுத்தின் வால், அச்சு தேய்ந்து முறிந்தமையால் விழாமற் போய், குறி சி.வி.கியூ. என்று படிக்கும்படி ஆயிற்று. புதிய அச்சொன்றைச் செய்து மாட்டக்கூட அவகாசம் இல்லாமற் போன ஒரு தொழிற்சாலையை அந்த முறிந்த வாலிலே நான் கண்டேன்.

இந்த அவகாசமின்மையின் பின்னால் இருந்த கைகளையும் சொல்லாமல் விடலாகாது. ஜெர்மனியின் ஆயுதத் தொழிற்சாலைகள் யுத்தத்தின் பின்பகுதியிலே வேற்று நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளரைக் கொண்டும், வதைமுகாம்களின் கைதிகளைக் கொண்டும் இயங்கின. ஹாம்பர்க் நகரத்துக்கு அருகிலிருந்த நொயன்காமெ முகாமிலே வால்தர் நிறுவனத்துக்கென்றே ஓர் ஆலை இருந்தது. சேகரிப்பாளர்கள் கைத்துப்பாக்கியின் கரடுமுரடைக் குறையென்றும், ஏட்டிலே விலைக் குறைப்பென்றும் எழுதுவார்கள். ஓர் இரும்பை உரைத்து வழவழப்பாக்க எவ்வளவு உடல் உழைப்பு வேண்டும் என்பதைப் பட்டறையிலே பிறந்தவன் அறிவான். பசித்த மனிதனை அதற்கு ஏவுபவன் எத்தகையவன் என்பதையும் அறிவான். என் கருத்திலே 1944ஆம் ஆண்டு மெருகு ஒரு சாட்சியம். அதனை யாரும் மெருகிட்டு அழிக்கலாகாது.

அந்தக் கம்மியரின் மேசையிலே எனக்குப் பழக்கமான ஊர்ப்பெயர் ஒன்றும் எதிர்ப்பட்டது. லியேஜுக்குப் பக்கத்திலுள்ள ஹெர்ஸ்தால் என்ற இடத்தின் எஃப்.என். தொழிற்சாலை, பிரௌனிங் கைத்துப்பாக்கியைச் செய்து வந்தது; 1940 மே மாதம் ஜெர்மன் இராணுவம் அதனைக் கைப்பற்றி 1944 செப்டெம்பர் வரை தனக்கென இயக்கியது. வாகனேரி வயற்காவலுக்கு வந்த அதே லியேஜ் பகுதியின் கைத்திறன். அதன்மேல் இப்போது கழுகு. கழுகின் கீழ் எண் 613 என்றால் ஆரம்ப காலம், பின்னர் 103, அதன் பின்னர் 140. எண் மாற மாற மெருகும் இறங்குகின்றது. கடைசிக்காலத்தவற்றிலே வெட்டுக்கருவியின் கோடுகள் அப்படியே கிடக்கின்றன.

சிவில் விற்பனைக்குச் செய்த வால்தர் பி.பி., பி.பி.கே. ஆகியவற்றுக்கு வேறொரு சாவி உண்டு. துவக்குக் குழலுக்குப் போலவே கைத்துப்பாக்கிக்கும் நைட்ரோச் சோதனை உண்டு. அதன் முத்திரை 1940 வரை கிரீடத்தின் கீழ் என். எழுத்து, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 1940 ஏப்ரல் முதல் கழுகின் கீழ் என். எழுத்து. மன்னராட்சி 1918இலே போய்விட்டது. கிரீடம் போக இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

போலி முத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் விலை உயர உயர அவையும் பெருகுகின்றன. சாதாரணமான கைத்துப்பாக்கியொன்றிலே அரிதான பிரிவின் குறியைப் புதிதாக அடித்துவிட்டால் அதன் விலை பன்மடங்காகிவிடும். இதனைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கியும் பொறுமையும் போதும். அச்சை உலோகத்திலே அடிக்கும்போது ஓரத்திலே சிறு மேடு எழும். நிறமேற்றுவதற்கு முன் அடித்த முத்திரையானால் அந்தக் குழிக்குள்ளும் நிறம் ஒரேவிதமாகச் சென்றிருக்கும். நிறமேற்றிய பின் அடித்ததானால் குழிக்குள் வெள்ளிரும்பு பளிச்சிடும், சுற்றிலும் நிறம் நெரிந்து ஒரு மெல்லிய வளையம் தோன்றும். எந்த முத்திரை எந்தக் கட்டத்தில் அடிக்கப்பட்டது என்ற தொழிற்சாலை வழக்கம் தெரிந்தால், அந்த வழக்கத்துக்கு மாறாக இருப்பது போலியென்று துணியலாம். மறுமெருகு இட்டதை அறிவது இன்னும் எளிது: எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும்; ஆணித் துளைகளின் வாய் சாய்ந்து கிண்ணம்போலக் குழிந்திருக்கும்; கூராக இருக்க வேண்டிய விளிம்பு உருண்டிருக்கும். சோவியத் படையினர் கைப்பற்றி மறுபடி கறுப்பேற்றிப் பண்டசாலையிலே வைத்தவற்றிலே, வெவ்வேறு கைத்துப்பாக்கிகளின் பாகங்கள் கலந்தும், பழைய இலக்கத்தை அடித்துவிட்டுப் புதிய இலக்கம் எழுதியும் காணப்படும். அவை போலியல்ல, அவற்றுக்கு இரண்டாவது ஒரு வரலாறு உண்டு. அறிக்கையில் அதனையும் எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன், கம்மியரும் ஒப்புக்கொண்டார்.

முத்திரையும் மெருகும் முற்றும் முரண்படும் உதாரணம் ஓபர்ண்டோர்ப்பிலேயே இருந்தது. மௌசர் தொழிற்சாலையின் குறி யுத்த முடிவின் தறுவாயில் எஸ்.வி.டபிள்யூ. என்று மாறிற்று. 1945 ஏப்ரலிலே பிரெஞ்சுப் படைகள் ஓபர்ண்டோர்ப்பைப் பிடித்தன. மிஞ்சியிருந்த பாகங்களையும் எந்திரங்களையும் கொண்டு, தங்கள் சொந்தத் தேவைக்காக அவர்கள் பி38 செய்விப்பதைத் தொடர்ந்தார்கள். குறி அதேதான், 45 என்றும் 46 என்றும் ஆண்டெண்ணும் வந்தது. கழுகு இருக்க வேண்டிய இடத்திலே பிரெஞ்சுச் சோதனையின் சிறு நட்சத்திரம் ஒன்று. மெருகோ சாம்பல் நிறப் பாஸ்பேற்று. குறியை மாத்திரம் படித்தவர் ஜெர்மன் இராணுவத்தின் ஆயுதம் என்றே எழுதிவிடுவார். நட்சத்திரத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தவருக்கு, அது தோற்ற நாட்டின் தொழிலாளர் வென்ற நாட்டுக்காகச் செய்தது என்பது விளங்கும். அவ்வூரின் ஆயுத நூதனசாலையிலும் துரிங்கியாவின் ஸூல் நகரத்து நூதனசாலையிலும் இத்தகையவற்றை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று நிறத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டே போனாலும் யுத்தத்தின் ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்.

முதுமையிலே வாழைச்சேனைக்குத் திரும்பி வந்த பின், மட்டக்களப்பு வயற்காவல் துவக்குகளுக்கு அத்தகைய பதிவு எதுவும் இல்லையே என்ற குறை எனக்கு இருந்துகொண்டே இருக்கின்றது. ஆயுதங்கள் போய்விட்டன, அவை திரும்ப வரவேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஆனால் பழைய வீடுகளிலே இன்னும் அனுமதிப்பத்திரக் கடதாசிகள் பெட்டிக்குள் கிடக்கின்றன. துவக்கின் இலக்கமும் செய்தவர் பெயரும் அவற்றிலே எழுதியிருக்கும். முறிந்த குழற்துண்டுகள் சமையற்கட்டிலே அடுப்பு ஊதும் குழலாகவும், வேலிக்கு முளையாகவும் கிடப்பதை நானே கண்டிருக்கிறேன். அப்படி ஒன்றைக் காண்பவர்கள் பளபளப்பாக்கும் ஆசையிலே அதனைத் தேங்காய்த் தும்பும் மணலும் இட்டுத் தேய்த்துவிட வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலே மெல்லத் துடைத்து, அடிப்புறத்துத் தட்டையிலே மெல்லிய கடதாசியை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து உரைத்தால் முத்திரைகள் அப்படியே கடதாசியிலே விழும். அதன் பக்கத்தில், மறைவான இடத்திலே நிறம் எப்படி இருந்தது, கபிலமா, கருநீலமா, சாம்பலா, கோலம் தெரிந்ததா என்று ஒரு வரி எழுதி, யாருடைய வட்டையிலே அது காவலுக்கு நின்றது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டைக் கணக்கிட்டுச் சொல்வதற்கு நான் இருக்கிறேன்.